குவைத்தைப் பற்றி ருமைசா சொன்னது

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே அண்ணாதுரையின் ஆபீஸ் இருந்தது. அதே மாடியில் அவர் பல வருடம் டைப்ரைட்டிங் வகுப்பு நடத்தியவர். கம்ப்யூட்டர் சென்டர்கள் வந்து கூட்டம் குறைந்ததும் மெஷின்களை விற்றுவிட்டு, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் வேலையில் இறங்கினார். முதலில் கொத்தனார், டிரைவர் என்று ஆண்களை மட்டும் அனுப்பினார். அடுத்தடுத்து மழை தவறி, ஆண்டிமடம் பக்கம் முந்திரியும் சரியாகக் காய்க்காமல் போன வருடங்களில் பெண்களும் அந்த மாடிப்படி ஏறி வர ஆரம்பித்தார்கள். 2004-இல் அவர் பெண்களுக்கென்று தனியாகக் குவைத் விசா எடுக்கத் தொடங்கினார்.

ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் விவரம் கேட்டுவிட்டு ஊருக்குப் போய், பயந்து, திரும்பி வரவேயில்லை. திருச்சியைத் தாண்டாத பெண்கள் அவர்கள். அந்த நாட்டில் இருந்துவிட்டு வந்த ஒரு பொம்பளையைக் கூப்பிட்டு, நாடு எப்படி, ஜனங்கள் எப்படி, பாஷை எப்படி என்று ஒரு காலை நேரம் பேச வைத்தால் பயம் தெளிந்துவிடும் என்று அண்ணாதுரைக்குத் தோன்றியது. அப்படித்தான் அவர் லப்பைக்குடிக்காட்டுக்கு ருமைசாவைத் தேடி வந்தார்.

ருமைசாவின் கணவர் காதர் பாட்சா குவைத்தில் ஒரு பெரிய மளிகை ஸ்டோரில் சரக்கு அறையைப் பார்த்துக்கொண்டவர். குடும்ப விசா கிடைத்து ருமைசாவும் எட்டு வருடம் அவரோடு அங்கே ஃபர்வானியா பகுதியில் இருந்தாள். அவருக்கு முதுகுத் தண்டில் கோளாறு வந்து மூட்டை தூக்க முடியாமல் போனதும் இருவரும் ஊர் திரும்பினார்கள். இப்போது கடைத்தெருவில் சின்னதாக ஒரு ஜவுளிக் கடை. மகன் ஜாவித் பி.காம். முடித்துவிட்டு குவைத்துக்குப் போகக் காத்திருந்தான். அவனுக்கு விசா எடுத்துக் கொடுப்பதாக ஏற்றிருந்தவரும் அண்ணாதுரைதான்.

"ஒண்ணும் பெருசா இல்லீங்க. நீங்க பாத்தத பாத்த மாதிரி சொன்னாப் போதும். நம்ம பொம்பளைங்க தைரியமாப் போவாங்க, அவங்க குடும்பம் எந்திரிச்சுக்கும். உங்களுக்கும் புண்ணியம்" என்றார் அண்ணாதுரை.

ருமைசாவுக்கு அது பிடித்திருந்தது. ஊருக்கு வந்த பிறகு அவளிடம் யாரும் குவைத்தைப் பற்றிக் கேட்டதேயில்லை. ஆண்களிடம் கேட்பார்கள். அவளிடம் சேலையும் சென்ட்டும் எங்கே வாங்கியது என்று கேட்பதோடு சரி.

முதல் வகுப்புக்கு ஒரு சனிக்கிழமை அவள் பஸ் ஏறிப் போனாள். முன்பு டைப்ரைட்டிங் மேசைகள் போட்டிருந்த கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தது. அரியலூர், ரெட்டிபாளையம், கல்லங்குறிச்சி, ஆண்டிமடம் என்று பல ஊர்ப் பெண்கள் விடிவதற்கு முன் கிளம்பி, பஸ் மாறி வந்திருந்தார்கள். கூட வந்த ஆண்கள் கீழே டீக்கடையில் நின்றார்கள்.

ருமைசா நாட்டிலிருந்து ஆரம்பித்தாள். ஆறு கிடையாது, கடல் தண்ணீரைக் காய்ச்சித்தான் குழாயில் விடுகிறார்கள் என்றாள். ஆடி மாதம் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும், வெந்நீர் வேண்டுமென்றால் சுவிட்சு போடவே வேண்டாம். மார்கழியில் நம் ஊரைவிடக் குளிரும், அதனால் ஒரு ஸ்வெட்டர் கட்டாயம் கொண்டு போக வேண்டும். மணல் காற்று அடித்தால் மூடிய ஜன்னலுக்குள்ளும் மாவு மாதிரி புழுதி வந்து உட்காரும், அன்றைக்கு வீட்டை எத்தனை தடவை துடைத்தாலும் துடைக்காத மாதிரிதான் இருக்கும். அந்த ஊர் ஜனங்களில் தங்கமானவர்களும் உண்டு, தான் ஒரு தடவை காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துக் கட்டில் குவைத்திக் கிழவி தன் வீட்டுச் சாப்பாட்டைப் பிரித்துக் கொடுத்தாள் என்றாள். வேலைக்காரி பெயரைக்கூடக் கேட்காமல் சொடுக்குப் போட்டுக் கூப்பிடுகிறவர்களும் உண்டு என்றாள்.

அப்புறம் பாஷை. தண்ணீருக்கு 'மாய்'. சம்பளத்துக்கு 'மஆஷ்'. பெண்கள் வாய்க்குள் சொல்லிப் பார்த்துச் சிரித்தார்கள். ஜமுக்காளத்தின் நடுவில் உட்கார்ந்திருந்த ஒருத்தி கையைத் தூக்கினாள். ஆண்டிமடத்துக்குப் பக்கத்திலிருந்து வந்தவள், பெயர் கலியம்மாள். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து விரல் நுனியெல்லாம் அதன் பால் பட்டுக் கறுத்திருந்தது.

"யக்கா, முடியாதுன்னு சொல்றதுக்கு என்னக்கா?"

கூடமே சிரித்தது. ருமைசா சிரிக்கவில்லை.

"நல்லாக் கேட்ட. 'லா'ன்னா இல்லை. 'மா அபி'ன்னா எனக்கு வேணாம், மாட்டேன். ரெண்டையும் நல்லா மனசுல வெச்சுக்கங்க. போலீஸ் ஸ்டேஷனுக்கு 'மக்ஃபர்'. தொண்டையில மீன் முள்ளு மாட்டுன மாதிரி சொல்லணும். சம்பளம் குடுக்கலைன்னா, கைய நீட்டுனா, வெளிய ஓடி வந்து எந்த டாக்சிக்காரன்கிட்டயும் இந்த ஒரு வார்த்தைய சொல்லுங்க, கொண்டு போயி விட்டுருவான்."

பிறகு அவள் ஃபர்வானியாவில் தன் சமையலறை ஜன்னலுக்கு எதிர் ஜன்னலில் பார்த்த பெண்ணைப் பற்றிச் சொன்னாள். கடப்பா பக்கத்துப் பெண். வீட்டு வேலைக்கு வந்தவள். துணி காயப்போட வரும்போது மட்டும் முகம் தெரியும். கொஞ்சம் தமிழ் பேசுவாள். எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பாள். "அக்கா, இன்னைக்கு என்ன கெழமை?"

"லீவுன்னு ஒரு நாள் இருந்தாத்தான கெழமை தெரியும்? அவளுக்கு எல்லா நாளும் ஒரே நாளு. ஒரு நாள் அந்த ஜன்னல்ல வேற பொண்ணு துணி காயப் போட்டுச்சு. இவ எங்க போனா, என்ன ஆனான்னு யாருக்கும் தெரியல. அதனால சொல்றேன், போற எடத்துல வாரத்துக்கு ஒரு நாள் லீவு உண்டான்னு இங்கயே கேட்டுக்குங்க. யாரு வூடு, எத்தன பேரு, பாஸ்போர்ட் யாரு கையில இருக்கும், எல்லாத்தையும் இங்கயே கேளுங்க."

பெண்கள் கேட்டார்கள். அன்று மதியமே அண்ணாதுரையின் மேசையைச் சுற்றி நின்று ஆளுக்கொன்றாகக் கேட்டார்கள். அவர் எல்லாருக்கும் சிரித்துப் பதில் சொல்லி அனுப்பிவிட்டு, ருமைசாவை உட்காரச் சொன்னார்.

"என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க?"

"என்ன பண்ணுனேன்?"

"அறிமுகம் பண்ணச் சொன்னா பயமுறுத்தி வெச்சிருக்கீங்க. போலீஸ் ஸ்டேஷனுக்கு அரபில என்னன்னு அவங்களுக்கு எதுக்குங்க? போறதுக்கு முன்னாடியே ஓடுறதுக்கு வழியா? நீங்க ஒரு பொண்ணக் கட்டிக் குடுக்கறீங்க. மாமியா அடிப்பா, புருசன் ஒதப்பான்னா சொல்லி அனுப்புவீங்க?"

"எங்கம்மா சொல்லித்தாங்க அனுப்புச்சு. கைய வெச்சா அன்னைக்கே பஸ் ஏறி வந்துருன்னு சொல்லுச்சு" என்றாள் ருமைசா.

அண்ணாதுரை அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்ட மாதிரி சிரித்தார். அடுத்த வகுப்பில் என்ன சொல்ல வேண்டும் என்று அவரே விளக்கினார். கோபுரங்கள், கடற்கரை, ஏசி வீடுகள். பாஷையில் 'ஹாளிர்' போதும், இதோ செய்கிறேன் என்று அர்த்தம். 'ஆஸிஃபா', மன்னிச்சுக்குங்க. "இந்த ரெண்டு வார்த்த இருந்தா எந்த வூட்லயும் பொழைச்சுக்கலாங்க" என்றவர், அவள் எழுந்தபோது, "ஜாவித் தம்பி விசா அடுத்த வாரம் வந்துரும். பாய்கிட்ட சொல்லிருங்க" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு உள்ளே எரிந்துகொண்டிருந்தது. 'முடியாது' என்ற சொல்லே அந்தப் பெண்களுக்குத் தெரியக் கூடாது என்றால், இவர் அனுப்புவது ஆளையா, ஆட்டையா?

காதர் பாட்சா கடையை அடைத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ரொட்டியைப் பிய்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவன் சொல்றத சொல்லிட்டு வந்துரு. இல்லேன்னா ஒடம்பு முடியலைன்னு போவாத. புள்ளையோட விசா வர்ற வரைக்குமாவது வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு."

"நீங்களும் அந்த ஜன்னலப் பாத்தவருதான?"

"பாத்தேன். அதுக்கு என்ன பண்ணச் சொல்ற? அல்லா பாத்துக்குவான்."

"அல்லா பாத்துக்குவான்னு நீங்க சொல்றீங்க. அவன் நம்மளயும்ல பாத்துக்கிட்டு இருப்பான்?"

காதர் பாட்சா கை கழுவ எழுந்தார்.

அடுத்த சனிக்கிழமை ருமைசா போனாள். என்ன பேசப் போகிறோம் என்று அவளுக்கே நிச்சயமில்லை. வாயை அடக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றுகூட பஸ்ஸில் நினைத்தாள். ஜாவித்தின் முகம் கண்ணுக்குள் நின்றது. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கலியம்மாள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் அவள் கணவன் கொளஞ்சியப்பன் துண்டைத் தோளில் போட்டபடி நின்றான்.

"யக்கா, எனக்கு விசா வந்துருச்சுக்கா. உங்களாலதான். நீங்க சொன்னீங்கன்னுதான் இவரு சம்மதிச்சாரு."

"நான் என்ன சொன்னேன்?"

"எனக்குப் பாத்திருக்கறது பள்ளிக்கூடத்து ஆயா வேலைன்னு. மத்தியானத்தோட வேலை முடிஞ்சிரும், வியாழன், வெள்ளி லீவுன்னு. அந்தப் பள்ளிக்கூடத்த நீங்களே பாத்திருக்கீங்களாம்ல? அண்ணாதுரை சார் எங்க வூடு தேடி வந்து சொன்னாரு. லப்பைக்குடிக்காட்டு அம்மாவே நல்ல எடம்னு சொல்லிட்டாங்கன்னு."

 ருமைசா எந்தப் பள்ளிக்கூடத்தையும் பார்க்கவில்லை. யாருக்கும் எந்த இடத்தையும் நல்ல இடம் என்று சொல்லவில்லை. அவளுக்கே தெரியாமல் அவள் பெயர் ஆண்டிமடம் வரை போய், ஒரு வீட்டுக்குள் நுழைந்து, ஒரு பெண்ணுக்கு ஜாமீன் நின்றிருக்கிறது.

அவள் நேராக மாடிக்குப் போனாள். கூடத்தில் டி.வி. வைத்து ஒரு சி.டி. போட்டிருந்தார்கள். நீல நிறக் கோபுரங்கள், கடலோரம் ஓடும் கார்கள், தண்ணீர் பீய்ச்சும் ஊற்று. பெண்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாதுரை இந்த முறை தானும் ஒரு நாற்காலி போட்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஆரம்பிக்கலாங்க" என்றார்.

ருமைசா டி.வி.யை அணைத்தாள்.

"நாட்டப் பத்திப் போன வாரமே சொல்லிட்டேன். இன்னைக்கு முதல்ல நான் ஒண்ணு தெரிஞ்சுக்கணும். சார், கலியம்மாளுக்குப் பள்ளிக்கூட வேலைன்னு சொல்லியிருக்கீங்க. எந்தப் பள்ளிக்கூடம்?"

அண்ணாதுரையின் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாங்க."

"இல்ல, இப்பவே சொல்லுங்க. நான் பாத்த பள்ளிக்கூடமாம்ல? எனக்கே தெரியாம நான் பாத்திருக்கேன். பேரு சொன்னா ஞாபகம் வரும்."

பெண்கள் அவரைப் பார்த்தார்கள். கலியம்மாள் எழுந்து நின்றாள்.

"சார், பள்ளிக்கூடம்தான?"

"பள்ளிக்கூடம்தான்மா... அதாவது மொதல்ல ஒரு வூட்டு விசாவுலதான் போவணும். அங்க போனதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துக்கு மாத்திக்கலாம். எல்லாரும் அப்படித்தான் போறாங்க. வூடுன்னா என்ன, பள்ளிக்கூடம்னா என்ன, கூட்டிப் பெருக்கற வேலைதானம்மா?"

"மாத்த முடியாது" என்றாள் ருமைசா. குரல் தானாக உயர்ந்தது. "வூட்டு விசாவுல போனவ அந்த வூட்டுக்காரன் விட்டாத்தான் வெளிய வர முடியும். எட்டு வருசம் அங்கதான் இருந்தேன், ஒருத்திக்குக்கூட நீங்க சொல்ற மாதிரி மாத்தி நான் பாக்கல. இது உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான சொல்றீங்க? வூட்டு வேலைன்னு சொன்னா வர மாட்டாங்கன்னு பள்ளிக்கூடம்னு சொல்லியிருக்கீங்க. அதுக்கு எம் பேர வேற வெச்சு வித்திருக்கீங்க!"

"பாய் வூட்டம்மா, வார்த்தைய அளந்து பேசுங்க. இது என் ஆபீசு."

"உங்க ஆபீசுதான். உசுரு இவங்களோடது."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. ரெட்டிபாளையத்திலிருந்து வந்த சின்னம்மாள், "எனக்கு ஆஸ்பத்திரி வேலைன்னு சொன்னாரே" என்றாள். கல்லங்குறிச்சி ஆர்த்தி, எல்லாரிலும் இளையவள், தனக்குத் தையல் கம்பெனி என்று சொல்லப்பட்டதாகச் சொல்லி அழ ஆரம்பித்தாள். அண்ணாதுரை எழுந்து கையைக் காட்டி எல்லாரையும் உட்காரச் சொன்னார். யாரும் உட்காரவில்லை.

சத்தம் கேட்டுக் கீழே இருந்த ஆண்கள் மாடிக்கு ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவன் கொளஞ்சியப்பன். விஷயம் காதில் விழுந்ததும் அவன் அண்ணாதுரை பக்கம் திரும்பவில்லை. ருமைசாவின் முன்னால் வந்து நின்றான்.

"உங்க ஊர்ல தெருவுக்குத் தெரு மாடி வூடு. எல்லாம் அந்த நாட்டுல சம்பாரிச்சதுதான? நீங்க போனா மட்டும் நல்ல நாடு, எங்க பொம்பளைங்க போனா கெட்ட நாடா? நாங்க கொட்ட ஒடைச்சே சாவணுமா?"

அந்தக் கேள்வி ருமைசாவை அடித்துவிட்டது. அதில் நியாயம் இருந்தது. அவள் வீட்டுத் தளமும், ஜாவித்தின் படிப்பும், ஜவுளிக் கடையும் அந்த நாடு கொடுத்தவைதான்.

"போவ வேணாம்னு நான் எங்க தம்பி சொன்னேன்?" என்றாள். "நான் போறப்ப எங்க போறேன், யாரோட இருக்கப் போறேன்னு தெரிஞ்சு போனேன். இவங்களுக்கு மட்டும் அது எதுக்குத் தெரியக் கூடாது? உங்க சம்சாரத்த வூட்டு வேலைக்குத்தான் அனுப்பறதுன்னா, வூட்டு வேலைன்னே அவகிட்ட சொல்லுங்க. அவ சரின்னா போவட்டும். பொய்யச் சொல்லி ஏத்தி அனுப்பிட்டா, அவ அங்க யாரப் போயிக் கேப்பா?"

 கலியம்மாள் கொளஞ்சியப்பனைத் தாண்டிப் போய் அண்ணாதுரையின் மேசை முன் நின்றாள்.

"என் பாஸ்போர்ட்டக் குடுங்க சார்."

"விசா அடிச்சாச்சும்மா. இப்ப வேணாங்கறியே, நஷ்டம் யாருக்கு?"

"எனக்கு வேணாம். குடுங்க."

அவர் கொடுக்கவில்லை. கலியம்மாள் அந்த மேசை முன்னாலேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சின்னம்மாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளைத் தொடர்ந்து இன்னும் சிலர். எல்லாரும் அல்ல. சிலர் ஆண்களோடு படியிறங்கிப் போனார்கள். ஆர்த்தியை அவள் அண்ணன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

செருப்புக் கடைக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்தார். சந்தில் கூட்டம் கூடியது. கடைசியில் அண்ணாதுரை பீரோவைத் திறந்து, உட்கார்ந்திருந்தவர்களின் பாஸ்போர்ட்டுகளை எடுத்து மேசையில் போட்டார். கலியம்மாள் தன்னுடையதைத் தேடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஜாவித்தோடதும் குடுத்துருங்க" என்றாள் ருமைசா.

அண்ணாதுரை அவளை நிமிர்ந்து பார்த்தார். இப்போது அவர் குரல் மெதுவாக, அக்கறையாகவே இருந்தது.

"யோசிச்சுச் சொல்லுங்க. தம்பிக்கு வந்திருக்கறது நெசமாவே நல்ல வேலை. கடை சேல்ஸ்மேன். இதுல ஒரு பொய்யும் இல்ல. பாய்கிட்ட என்ன சொல்லுவீங்க?"

 அவர் சொல்வது உண்மையாகக்கூட இருக்கலாம். பிள்ளை ஒரு வருடமாகக் காத்திருக்கிறான். ஆனால் மகனை இவர் கையில் விட்டுவிட்டு இந்தப் பெண்களோடு எப்படிப் படியிறங்குவது? ருமைசா கையை நீட்டினாள். நீட்டிய கையை மடக்கவில்லை.

வீட்டில் அன்று பெரிய சண்டை. காதர் பாட்சா வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் சத்தம் போட்டார். ஊரான் வீட்டுப் பெண்களுக்காகத் தன் பிள்ளை வாயில் மண்ணைப் போட்டுவிட்டாள் என்றார். ஜாவித் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"விடுங்க அத்தா. அம்மா சொன்னத அந்த ஆளு இல்லைங்கலையே" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னான். ஆனால் அவன் முகத்தில் இருந்த ஏமாற்றம் அவளைப் பல நாள் தூங்கவிடவில்லை. கணவர் அவளோடு முகம் கொடுத்துப் பேசவே வெகு நாள் ஆயிற்று. கடைத்தெருவில் சிலர் அவர் காதுபடவே, வீட்டுப் பொம்பளையை அடக்கத் தெரியவில்லை என்று பேசினார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்த நாளில்தான் அவர் கோபம் திசை மாறியது.

"பொய் சொன்னவன ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல. பொய்யின்னு சொன்னவளத்தான் பேசறானுவ" என்று தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "சோத்தப் போடு."

அந்த வருடக் கடைசியில் கலியம்மாள் லப்பைக்குடிக்காட்டுக்கு வந்தாள். கூட கொளஞ்சியப்பனும் வந்து வாசலிலேயே நின்றான்.

"யக்கா, நான் வூட்டு வேலைக்கே போறேன். கடன் இருக்கு, இங்க வேல இல்ல. ஆனா தெரிஞ்ச எடமாப் பாத்துச் சொல்லுங்க."

ஃபர்வானியாவில் இன்னும் இருந்த தன் சிநேகிதி ரஷீதாவுக்கு ருமைசா போன் போட்டாள். ரஷீதா விசாரித்துச் சொன்ன வீடு, தனியாக இருக்கும் ஒரு வயதான டீச்சரம்மா வீடு. வெள்ளிக்கிழமை லீவு, வாரம் ஒரு தடவை ஊருக்குப் போன் பேசலாம். வேலை கடினம்தான், கிழவிக்கு வாய் நீளம் என்பதையும் ரஷீதா மறைக்கவில்லை. கலியம்மாள் அதையும் கேட்டுக்கொண்டு, யோசித்து, சரி என்றாள். திருச்சி ஏர்போர்ட்டில் கொளஞ்சியப்பன்தான் தேம்பித் தேம்பி அழுதான். ஜாவித்தும் மறு வருடம் தன் மாமா உபைத் மூலமாக சார்ஜாவுக்குப் போனான். குவைத்தைவிடச் சம்பளம் குறைவுதான்.

ஆர்த்தியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கல்லங்குறிச்சியில் விசாரித்ததில், அவள் அண்ணாதுரை மூலமாகவே போய்விட்டாள் என்றும், ஒரே ஒரு தடவை போன் வந்தது என்றும் சொன்னார்கள். தையல் கம்பெனியா என்று கேட்டதற்கு, அதை அவள் சொல்லவில்லை என்றார் அவள் அம்மா.

அண்ணாதுரைக்கு ஒன்றும் ஆகவில்லை. போர்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்தார். கூடத்தில் மறுபடி வகுப்பு நடந்தது. இந்த முறை பேச வந்தவள் குவைத்தைப் பார்த்தேயிராத ஒரு பெண், அவருடைய சொந்தக்காரி. யாரோ சொல்லி அது ருமைசாவின் காதுக்கு வந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் பெரம்பலூருக்குப் போனாள். படியேறி, பின்வரிசையில், ஜமுக்காளத்தின் ஓரத்தில், மற்ற பெண்களோடு உட்கார்ந்தாள். அண்ணாதுரை பார்த்துவிட்டார். அத்தனை பெண்கள் முன்னால் அவளை எழுந்து போகச் சொல்ல அவரால் முடியவில்லை. முன்னால் நின்ற பெண் கோபுரங்களைப் பற்றிப் பேசினாள், கடற்கரையைப் பற்றிப் பேசினாள். அந்த நாட்டுக்காரர்கள் வேலைக்கு வருகிறவர்களைப் பெற்ற மகள் மாதிரி வைத்துக்கொள்வார்கள் என்றாள்.

ருமைசா கையைத் தூக்கினாள்.

"ஒரு சந்தேகங்க" என்று எழுந்தாள். "மகளோட பாஸ்போர்ட்ட எந்த அம்மா வாங்கிப் பூட்டி வெப்பா?"

அந்தப் பெண் அண்ணாதுரையைப் பார்த்தாள். ஜமுக்காளத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பி ருமைசாவைப் பார்த்தார்கள். ஒருத்தி தள்ளி உட்கார்ந்து, தன் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டாள்.